போன தண்ணீர் எங்கே

என் வீட்டுக்காரர் வெல்டர். துருப்பிடித்த எதைப் பார்த்தாலும் அவருக்குக் கை அரிக்கும். ஆற்றங்கரைப் பழைய மில்லை அருங்காட்சியகமாக மாற்றுகிறோம், மதகுக் கதவைச் சரிசெய்து தருவீர்களா என்று கேட்டார்கள். கேட்டதுதான் தாமதம், எங்கள் கல்யாணத்துக்குக்கூட அத்தனை உற்சாகமாகக் கிளம்பியிருக்க மாட்டார்.

அன்றிலிருந்து மாமாவின் தொல்லை ஆரம்பித்தது. பக்கவாதத்தில் பேச்சும் வலது பக்கமும் போனவர். வீட்டிலேயே பின்னறைதான் குளிர்ச்சி என்று அங்கே படுக்க வைத்திருந்தோம். இவர் கிரீஸ் வாடையோடு வந்து மதகைப் பற்றி அளந்த சாயங்காலமே மாமா கட்டிலிலிருந்து இறங்கி, இடது கையால் உடம்பை இழுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்து கிடந்தார். தூக்கிப்போய்ப் படுக்க வைத்தோம். மறுநாளும் வந்தார். தரையைத் தட்டித் தட்டிக் காட்டுவார். தரை சில்லிடுகிறது போல என்று கம்பளி விரித்தேன். கம்பளியை விலக்கிவிட்டுத் தட்டினார்.

"உங்க அப்பாவுக்கு வரவர அடம் ஜாஸ்தியாயிடுச்சு."

"மகன் செஞ்ச வேலையைப் பாக்கணும்னு ஆசையா இருக்கும்டி" என்றார் இவர், பெருமை தாங்காமல்.

திறப்பு விழா அன்றும் மாமா வாசற்படியில்தான் கிடந்தார். நாங்கள் இல்லாதபோது தெருவுக்குப் போய் வண்டியில் அடிபட்டால் என்ன செய்வது? இவர் தூக்கிப் பின்னறையில் விட்டார். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

மில் வாசலில் ஊரே நின்றது. அருங்காட்சியக அதிகாரி மைக்கைப் பிடித்தார்.

"முதல்ல இங்க மாவு அரைச்சாங்க. அப்புறம் நூல் நூத்தாங்க. கடைசியா சாயம் போட்டாங்க. முதலாளி மாறினாரு, மிஷின் மாறுச்சு. தண்ணி மட்டும் இதே வழியாத்தான் போச்சு."

இவர் மதகின் சக்கரத்தைத் திருகினார். கதவு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. ஆற்றுத் தண்ணீர் திபுதிபுவென்று உள்ளே இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அது வெளியே வரும் அழகையும் பார்க்கலாமே என்று கரையோரமாகக் கீழே நடந்தேன். வளைவு வாய் ஒன்று இருந்தது. அதைச் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். ஒரு சொட்டு வரவில்லை.

திரும்பிப்போய் அதிகாரியிடம் கேட்டேன். "சார், போன தண்ணி எங்க?"

"கீழ ஆத்துல சேர்ந்துடும்மா."

"சேரலையே. வாயை அடைச்சு வெச்சிருக்கே."

"நடுவுல சாயப்பட்டறைத் தொட்டி இருந்துச்சு. மில்லு மூடினப்ப அதைத் தூர்க்காம மேல பலகை அடிச்சு மண்ணைப் போட்டு, மனை பிரிச்சு, தொழிலாளிங்களுக்கே..."

மாமா சாயப்பட்டறைத் தொழிலாளி. அந்த மனையில் வீட்டைக் கட்டியவரும் அவர்தான். எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் பின்னறைச் சுவரின் அடியில் சிவப்பு கசியும். துருப்பிடித்துச் செத்த மதகு இனிமேல் திறக்காது என்று நம்பி இத்தனை வருஷம் அந்தத் தொட்டிக்கு மேலே படுத்திருக்கிறார்.

"என்னங்க, மூடுங்க. மாமா உள்ள இருக்காரு."

இவர் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருக ஆரம்பித்தார். நான் ஓடினேன்.

பின்னறைக் கதவுக்கடியில் சிவப்பாகத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. தாழ்ப்பாளை இழுத்ததும் கதவு என்னைத் தள்ளிக்கொண்டு திறந்தது. மாமா கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். மார்வரை நனைந்திருந்தார். தட்டித் தட்டி இடது கை விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது. கக்கத்தில் கை கொடுத்து முன்னறை வரைக்கும் இழுத்து வந்தேன். அதற்குமேல் தெம்பில்லை.

இவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "மூடிட்டேன். அப்பா, ஒண்ணும் இல்லப்பா. இனிமே தண்ணி வராது."

மாமா அந்த இடது கையைத் தூக்கினார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் இருந்தது. அவர் முன்னறைத் தரையைத் தட்டினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே மறுபடியும் தட்டினார்.

ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினோம். வாசற்படியைத் தாண்டியதும் பின்னால் வீடு அந்தத் தொட்டிக்குள் இறங்கியது.