சுவரை இடித்த மருமகள்

மாமனார் கொத்தனார். மாட்டுக் கொட்டகையை அவரே கட்டினார். வாசல் பக்கம் மட்டும் திறப்பு. மற்ற மூன்று பக்கமும் கூரை வரை செங்கல் சுவர். குளிர்காலத்தில் பொட்டுக் காற்று நுழையாது. பார்க்க வந்தவர்களையெல்லாம் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்லுவார். மாடுகளைப் பற்றிக் கேட்டால் மட்டும், "அது என் மருமக இலாகா" என்று ஒதுங்கிக்கொள்வார்.

அந்தக் கோடையில் இலாகா ஆட்டம் கண்டது. மாடுகள் படுக்க மறுத்தன. வாயைத் திறந்து, எச்சில் ஒழுக, நின்றபடியே மூச்சு வாங்கின. தீவனம் தொட்டியில் அப்படியே கிடந்தது. பால் பாதியாகிவிட்டது. மருமகள் கூரையடியில் குழாய் போட்டுத் தண்ணீரைப் புகைபோலத் தூவிப் பார்த்தாள். ஈரம் வெளியேற வழியில்லாமல் கொட்டகை வெந்நீர் ஊற்றிக் குளித்த அறைபோலப் புழுங்கியது.

"மாமா, பின்சுவரைத் திறக்கணும்," என்றாள்.

அவர் முகம் சுருங்கியது. "அந்தச் சுவர்ல ஒரு விரிசல் காட்டு, நானே இடிக்கிறேன்."

"விரிசலே இல்லாததுதான் மாமா பிரச்சினை."

அன்று அவர் சாப்பாடு நன்றாக இருக்கிறது என்பதைக்கூடச் சுவரைப் பார்த்துச் சொன்னார்.

மறுநாள் உச்சிவெயிலில் மகாராணி சரிந்து விழுந்தது. கொட்டகையிலேயே அதிகம் கறப்பது அதுதான். தலையை நிமிர்த்தியே நடப்பதால் அந்தப் பெயர். நாக்கு வெளியே தொங்க, விலா படபடவென்று அடித்தது. கணவன் லாரியோடு வெளியூரில். கால்நடை மருத்துவர் போனில், "கிளம்பிட்டேன், வர நேரமாகும். தோல் வரைக்கும் நனையுற மாதிரி தண்ணி ஊத்துங்க, நல்லா காத்து படணும்" என்றார்.

மருமகள் குழாயைப் பிடித்து அதன் முதுகு, கழுத்து, விலா எல்லாம் சொட்டச் சொட்ட நனைத்தாள். வீட்டு மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்தாள். அது உள்ளே இருந்த புழுக்கத்தையே சுற்றிச் சுற்றி அடித்தது. சம்மட்டியை எடுத்துக்கொண்டு பின்சுவரிடம் போனாள்.

ஓங்கி அடித்தாள். சுவர் அசையவில்லை. மறுபடி அடித்தாள். கைதான் எரிந்தது.

சத்தம் கேட்டு மாமனார் ஓடிவந்தார். அவள் நிறுத்தவில்லை. "திட்டுறதா இருந்தா அப்புறம் திட்டுங்க மாமா."

அவர் மகாராணியைப் பார்த்தார். அதன் மூச்சைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தூண் பக்கத்துல அடிச்சா கூரை உன் தலையில வந்துடும். நடுவுல வா. மேல இருந்து எடுக்கணும்."

ஏணியில் ஏறி உளியால் மேல்வரிசையை அவர் நெம்பினார். தளர்ந்த இடத்தில் அவள் சம்மட்டியால் வெளிப்பக்கமாகத் தள்ளினாள். "எவன்யா கட்டினது, விட்டுக் குடுக்கவே மாட்டேங்குது," என்று அவர் முணுமுணுத்ததைக் கேட்டு, அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இரண்டு தூண்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. வாசலிலிருந்து காற்று உள்ளே புகுந்து மாடுகளின் ஈர முதுகைத் தடவிக்கொண்டு பின்னால் போனது. அவள் மகாராணியை நனைத்தாள், காற்று காயவைத்தது, மறுபடி நனைத்தாள். மூச்சு மெல்ல இறங்கியது. மருத்துவர் வந்தபோது அது எழுந்து நின்று வாளித் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. அவர் சோதித்துவிட்டு, "எனக்கு வேலை வைக்கலையே நீங்க," என்றார்.

அந்த வாரமே மாமனார் மற்ற இரண்டு சுவர்களையும் இடுப்பளவுக்கு இறக்கினார். வெயில் அடிக்கும் பக்கம் மட்டும் கீற்றுத் தட்டி கட்டினார். பெரிய மின்விசிறிகள் வந்தன. புகைத்தூவல் போய், பெரிய துளியாக விழுந்து தோல் வரை நனைக்கும் குழாய்கள் வந்தன. வெயில் குறையவில்லை. ஆனால் மாடுகள் படுத்து அசைபோட்டன. பாலும் மெல்ல ஏறியது.

பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருநாள் தன் இடத்திலும் கொட்டகை கட்டித்தரக் கேட்டு வந்தார். "எத்தனை சுவர் வைக்கலாம் கொத்தனாரே?"

"அதை என் மருமககிட்ட கேளுங்க," என்றார் மாமனார். "அவ சொல்ற இடத்துலதான் நான் செங்கல் வைப்பேன். சாதாரண ஆள் இல்ல, நான் கட்டின சுவரையே இடிச்சவ."

உள்ளே பால் கறந்துகொண்டிருந்தவளுக்கு எல்லாம் கேட்டது. எழுந்து போய் அடக்கமாக ஏதாவது சொல்லலாம் என்று நினைத்தாள். பிறகு, இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று கறப்பதைத் தொடர்ந்தாள்.