நிற்காத மணி

சட்டத்தின் பின்பலகையைப் பிடித்திருந்த சின்ன ஆணிகளை மகன் ஒரு மொட்டைக் கத்தியால் ஒவ்வொன்றாக நெம்பிக்கொண்டிருந்தான். அம்மாவின் படத்தை எடுத்துவிட்டு அப்பாவின் படத்தை வைக்க வேண்டும். அம்மா எதிரே உட்கார்ந்து, ஆணிகள் தொலைந்துவிடாமல் ஒரு தட்டில் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

அடக்கம் காலையிலேயே முடிந்துவிட்டது. முடிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். நடந்தது என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. தாயும் மகனும் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அந்தப் பக்கம், தலை முதல் கால் வரை மூடிக்கொண்ட நான்கு பேர் ஜிப் போட்ட நீளப் பை ஒன்றைச் சுமந்துகொண்டு போனார்கள். உள்ளே இருப்பது தன் புருஷன்தானா என்று கேட்கக்கூடப் பக்கத்தில் ஆள் இல்லை. வீடு திரும்பியபோது, போகுமுன் உலர்த்திய துணிகளில் இன்னும் ஈரம் இருந்தது.

சட்டத்துக்குள் இருந்த படம் அவள் தன் சாவுக்கென்று எடுத்து வைத்தது. மூட்டுவாதம் விரல்களைக் கோணலாக்கி, முழங்காலைப் பிடித்து, ஒரு தடவை நுரையீரல் வரை எட்டிப் பார்த்துவிட்டுப் போன வருடம் அது. "நான் போனப்புறம் அடையாள அட்டைப் படத்தைப் பெரிசு பண்ணி மாட்டுவீங்க. அதுல நான் திருடி மாதிரி இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இருந்ததிலேயே நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்குப் போனாள். சிரித்தும் சிரிக்காமலும் ஒரு படம் எடுத்துக் கையோடு சட்டமும் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என்னை முந்திக்கிட்டுப் போயிடலாம்னு பாக்கறியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, படத்தைப் பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டார்.

அவர் லிப்ட் பழுது பார்ப்பவர். அக்கம்பக்கத்து உயரக் கட்டடங்களுக்கெல்லாம் அவர்தான். ஊருக்கே அவர் லிப்ட்காரர், அவளும் அவரை அப்படித்தான் சொல்வாள். நின்றுபோன லிப்டைத் தேடிப் பதினைந்து மாடி படியேறிப் போவார், மேலே போனதும் மூச்சு வாங்காமல் பாட்டு முணுமுணுப்பார். சொந்தக் கட்டடத்தில்கூட லிப்டில் ஏற மாட்டார். "அதோட வண்டவாளம் எனக்கில்ல தெரியும்?" என்பார்.

இந்த வீட்டின் நோயாளி அவள். வீடும் அவள் போவதற்குத்தான் தயாராகியிருந்தது. சமைக்க, துணி மடிக்க, வங்கியில் வரிசையில் நிற்க எல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். இவர் தனியாக இருந்துகொள்வார் என்று நிம்மதியாக இருந்தாள். அவள் தனியாக இருப்பது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அவள் விரல்களால் எந்த மூடியையும் திருக முடியாது. தினமும் வேலைக்குப் போகுமுன் அவர் சமையலறையில் ஒரு சுற்று வருவார். எண்ணெய், காபித்தூள், ஊறுகாய் என்று அன்றைக்கு அவளுக்கு வேண்டியதையெல்லாம் தளர்த்தி, மூடியைச் சும்மா மேலே வைப்பார். "கடையத் திறந்தாச்சு" என்று வாசலிலிருந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் செருப்பை மாட்டுவார்.

"நான் உள்ள வரலாமா?" என்று கேட்டுக்கொண்டு நாத்தனார் வந்தாள். வாய்க்கவசத்தைக் கழற்றாமல் கதவோரமாகவே உட்கார்ந்தாள். லிப்ட்காரருக்கு மூத்தவள்; மனதில் பட்டதை வடிகட்டிப் பேசிப் பழக்கமில்லாதவள். சட்டத்தில் இன்னும் இருந்த அம்மாவின் படத்தையே பார்த்தாள்.

"கோவிச்சுக்காதே. நாங்க எல்லாரும் உன்னைத்தான் எதிர்பாத்துட்டு இருந்தோம்."

"நானும் என்னைத்தான் எதிர்பாத்தேன், அண்ணி."

"ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல காய்ச்சல். எதிர்ப்பு சக்தியே இல்லாதவ ரெண்டு நாள் இருமிட்டு எழுந்து உக்காந்துட்டே. கல்லு மாதிரி இருந்தவன் போயிட்டான். இது என்ன கணக்கு?"

"அத்தை, போதும்" என்றான் மகன்.

"இருடா. நான் யாரைப் போய்க் கேக்கறது?" என்று சொல்லிவிட்டு அவள் அழத் தொடங்கினாள். தம்பிக்காக உட்கார்ந்து அழ அவளுக்கும் வேறு இடம் இல்லை.

அவளுக்கு நாத்தனார்மேல் கோபம் வரவில்லை. அதே கேள்வியைத்தான் அவளும் நேற்று விடியற்காலையில் சாவுச் செய்தி வந்ததிலிருந்து சுமந்துகொண்டிருந்தாள். அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

காய்ச்சல் வந்த புதிதில், மத்தியான வேளையில், இரண்டு பேரும் ஆளுக்கொரு போர்வையில் சுருண்டு கிடந்தபோது, அவர் அவளுடைய மூட்டுவாத மாத்திரைப் புட்டியைப் பார்த்து, "உன் பொக்கிஷத்துல எனக்கும் ஒண்ணு குடேன்" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். "இது என்ன மிட்டாயா? கை வச்சீங்கன்னா பாருங்க" என்று அவள் புட்டியைத் தலையணைக்கு அடியில் தள்ளினாள். பிறகு, ஒரு வாரம் போல் கழித்து, அவருக்கு மூச்சு இழுத்தது. மருத்துவமனையில் அவருக்கு ஏற்றிய மருந்தின் பெயரை மகன் வாசித்துச் சொன்னபோது அவள் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். அவள் வருடக்கணக்காக விழுங்குகிற மருந்தின் ஜாதி அது. தலையணைக்கு அடியில் இருந்ததைத்தான் ஊசியில் ஏற்றினார்கள், காலம் கடந்து.

அதனால்தான் நேற்றும் இன்றும் அவள் மாத்திரை போடவில்லை. பழைய புட்டி தீர்ந்துவிட்டது, புதுப் புட்டியின் மூடி இறுக்கமாக இருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். உண்மையில் அலமாரிப் பக்கமே அவள் போகவில்லை. அவருக்குக் கொடுக்காததைத் தான் விழுங்க மனசு வரவில்லை.

தொலைபேசி அடித்தது. மகன் எடுத்தான். மருத்துவமனையிலிருந்து நுரையீரல் மருத்துவர் பேசினாள். அப்பாவின் மூக்குக் கண்ணாடியும் கைப்பேசியும் அங்கேயே இருக்கின்றன, வாங்கிக்கொள்ளச் சொன்னாள். மகன் வைக்கப் போனபோது அம்மா கையை நீட்டினாள்.

"டாக்டரம்மா, நான் அவர் வீட்டுக்காரி பேசறேன். அவருக்கு நீங்க ஊசியில போட்டது என்னோட மாத்திரைதானே?"

"அதே வகைதாம்மா."

"மொதல்லயே எங்கிட்ட ஒண்ணு கேட்டாரு. நான் தரல."

மகன் கத்தியைக் கீழே வைத்தான். மருத்துவரின் தொண்டை கட்டிய குரல் நிதானமாகப் பேசியது.

"தராததுதாம்மா சரி. மொத வாரம் கிருமி பெருகுற நேரம். உடம்பு சண்டை போட்டே ஆகணும். இந்த மருந்து சண்டை போடறவங்க கையைக் கட்டிப்போடும். அப்ப குடுத்திருந்தா கிருமிக்குத்தான் கொண்டாட்டம்."

"அப்புறம் நீங்க மட்டும் ஏன் குடுத்தீங்க?"

"அப்ப நெலமை மாறிடுச்சும்மா. கிருமி பூந்த எடத்துலேர்ந்து, ஆபத்து, ஆள் அனுப்புன்னு உடம்புக்குள்ள தகவல் போகும். வந்து சேர்ற ஆளுங்களும் இன்னும் ஆள் அனுப்புன்னு தகவல் விடுவாங்க. வேலை முடிஞ்சதும் அது தானா அடங்கணும். பல பேருக்கு அடங்கிடும். உங்க வீட்டுக்காரருக்கு அடங்கல. கிருமி கொறைஞ்சப்புறமும் ஆள் வந்துட்டே இருந்தாங்க. எல்லாரும் நுரையீரல்ல குவிஞ்சு, ரத்தக்குழாய் கசிஞ்சு, காத்து இருக்க வேண்டிய எடத்துல தண்ணி நின்னுடுச்சு. அதை அடக்கத்தான் அந்த மருந்து. பாதிப் பேருக்காவது கேக்கும்னு நம்பித்தான் குடுப்போம். இவருக்குக் கேக்கல."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"லிப்டுல ஒரு மணி இருக்கும் டாக்டரம்மா. உள்ள யாராவது மாட்டிக்கிட்டா அமுக்கறது. சில நேரம் அந்தப் பட்டன் உள்ளயே சிக்கிக்குமாம். கட்டடத்துல இருக்கறவன் அத்தனை பேரும் ஓடி வந்து, கடப்பாறை போட்டுக் கதவை நெளிச்சு வச்சிருப்பான். தெறந்து பாத்தா உள்ள ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. மணி மட்டும் அடிச்சிட்டே இருக்கும்னு இவர் வந்து சொல்லிச் சிரிப்பாரு."

"ஆமாம்மா" என்றாள் மருத்துவர். "கிட்டத்தட்ட அதேதான்."

"எனக்கு மட்டும் ஏன் லேசாப் போச்சு?"

"தெரியலம்மா. உங்கள மாதிரி மாத்திரை சாப்பிடறவங்களைப் பாத்துத்தான் நாங்க ரொம்பப் பயந்தோம். நெறைய பேருக்கு மோசமாவும் போயிருக்கு. உங்களுக்கு ஏன் போகலன்னு கேட்டா, நெசமாவே எனக்குத் தெரியல." பிறகு, "மாத்திரை விடாம சாப்பிடறீங்கல்ல?" என்றாள்.

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா, அதைத் திடீர்னு நிறுத்தவே கூடாது. இத்தனை வருஷமா வெளியிலேர்ந்து வர்றதால, உங்க உடம்பு அதைத் தானா செய்யறதையே விட்டிருக்கும். நிறுத்தினா உயிருக்கே ஆபத்து. இப்பவே போட்டுக்கங்க. அப்புறம் உங்க டாக்டருக்கு போன் பண்ணி, விட்டதையும் சொல்லிடுங்க. கேக்குதா?"

"கேக்குது" என்றாள் அவள்.

மகன் அம்மாவின் கையிலிருந்த போனை வாங்கி வைத்துவிட்டு, கடைசி ஆணியையும் நெம்பினான். பலகை கழன்றது. அப்பாவின் கூட்டாளி அனுப்பிய படத்தைக் கடையில் கொடுத்து அச்சுப் போட்டு வந்திருந்தான். அவர் தனியாக இருக்கிற படம் அது ஒன்றுதான். கன்னத்தில் கிரீஸ் கறையோடு, பாதி திறந்த லிப்ட் கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு சிரிக்கிறார். கண்ணாடியில் அதை வைத்துப் பலகையை மூடியபோது படம் உள்ளே ஆடியது.

"தாள் மெல்லிசா இருக்கு. பின்னாடி அட்டை ஏதாவது குடுக்கணும்."

"என் படத்தையே வை. கெட்டியான அட்டைதான்."

மகன் தயங்கினான். "அது எப்படிம்மா?"

"அவருக்குப் பின்னாடிதானே இருக்கப் போறேன். வை."

நாத்தனார் மூக்கைச் சிந்திக்கொண்டு, "வைடா, சொல்றால்ல" என்றாள். அவன் வைத்தான். படம் ஆடாமல் நின்றது.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். அவர் மருத்துவமனைக்குப் போனதிலிருந்து பக்கத்து வீட்டார் வாசலில் வைத்துவிட்டுப் போன சாப்பாட்டில் ஓடிவிட்டது. அடுப்பில் வெந்நீர் வைத்ததோடு சரி. மேடைக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த முக்காலி அப்படியே கிடந்தது.

ஆம்புலன்ஸ் வந்த அன்று அவர் அதில்தான் உட்கார்ந்திருந்தார். கீழே ஆட்கள் காத்திருக்க, மகன் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க, இவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எதையோ உருட்டிக்கொண்டிருந்தார். மூச்சு இழுக்கிற சத்தம் கூடத்துக்கே கேட்டது. அவள் பயத்தில் கத்தினாள். "போற நேரத்துல என்ன தீனி வேண்டியிருக்கு? வாய் இன்னும் அடங்கலையா?" அவர் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, சொன்ன பேச்சைக் கேட்கிறவர் போல லிப்டில் ஏறினார். நேருக்கு நேர் பேசியது அதுதான் கடைசி. அப்புறம் கைப்பேசித் திரையில் முகமூடியோடு கையாட்டினார், அவ்வளவுதான். வாசனையும் ருசியும் செத்துப்போயிருந்த மனுஷனுக்கு என்ன தீனி என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அலமாரியின் பின்வரிசையில் புது மாத்திரைப் புட்டிகள் இருந்தன. அழுத்திக்கொண்டே திருக வேண்டிய மூடி. குழந்தைகள் திறக்கக் கூடாதென்று செய்தது; அவளாலும் ஆகாது. மகனைக் கூப்பிடலாம் என்று நினைத்துக்கொண்டே ஒன்றைத் தூக்கினாள். மூடி கையோடு வந்துவிட்டது.

உள்ளே வாயை ஒட்டியிருந்த தாள் முத்திரையும் ஒரு ஓரத்தில் கிழிக்கப்பட்டிருந்தது, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு.

அவள் அடுத்த புட்டியைத் தொட்டாள். அதுவும் தளர்ந்திருந்தது. அதற்கடுத்ததும். இன்னும் தொடாத ஊறுகாய்ப் புட்டி, காபித்தூள் டப்பா, எண்ணெய், தேன், மேல்தட்டிலிருந்து இறக்கிக் கீழே வரிசையாக வைத்திருந்தவை எல்லாம். ஒன்றைக்கூட அவர் விடவில்லை. அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, மூடி ஏதாவது திறக்கணுமா?" என்று கூடத்திலிருந்து மகன் கேட்டான்.

"வேணாம்ப்பா" என்றாள். "திறந்துதான் இருக்கு."

ஒரு மாத்திரையை உள்ளங்கையில் கவிழ்த்து, தண்ணீர் விட்டு விழுங்கினாள். பிறகு மூடியைத் திருகாமல் புட்டியின் மேல் வைத்தாள்.