இரத்தம் பார்க்கும் நாள்

களங்கண்டி வலையில் பட்ட இறால் ஓலைக் கடகம் கடகமாக வந்து பலகையில் கொட்டுண்டது. நீள வாங்கில் வரிசையாக இருந்த பெண்கள் ஒருவரும் தலை நிமிரவில்லை. தலையைத் திருக வேண்டும், ஓட்டைக் கழற்ற வேண்டும், முதுகைக் கீறிக் குடலை இழுத்தெறிந்துவிட்டு ஐஸ் தண்ணீர்ச் சட்டிக்குள் போட வேண்டும். நேவியின் நடமாட்டம் இல்லாத நாட்களில்தான் குருநகர் வள்ளங்கள் போய்வந்தன. ஆனபடியால் இறால் வந்தால் ஒரேயடியாக வந்து குவிந்தது. கொழும்புக்குப் போகிற லொறி இறால் உரிக்கிற வாடியின் வாசலில் காத்து நின்றது.

வாங்கின் மூலையில் இருந்து உரித்துக்கொண்டிருந்தவள் யோசப்பின். ஒருகாலத்தில் அந்த வாடியிலேயே வேகமான கை அவளுடையது. இப்போது பக்கத்தில் இருந்த சின்னத்தங்கத்தின் சட்டி நிரம்பிய பிறகும் அவளுடையது பாதியில் கிடந்தது. இறாலின் கொம்பு குத்துவது அந்த வேலையில் புதிதில்லை. மற்றவர்களுக்குக் குத்தினால் ஒரு துளி வந்து நின்றுவிடும். அவளுக்கு அன்று நிற்கவில்லை. பெருவிரலைச் சேலைத் தலைப்பால் சுற்றி அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையைப் பார்த்தாள். முழங்கைக்குக் கீழே, எங்கும் அடிபட்ட ஞாபகம் இல்லாத இடத்தில், நாவற்பழ நிறத்தில் கண்டல்கள் இருந்தன.

இரத்தத்தில் புற்றுநோய் என்று பெரியாஸ்பத்திரியில் சொன்னது போன வருசம். இடப்பக்க விலாவுக்குக் கீழே கல்லு வைத்தமாதிரி வயிறு இறுகி, இரண்டு கவளத்துக்குமேல் சாப்பிட முடியாமல் போனபோதுதான் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சின்னச் சின்ன வெள்ளைக் குளிசைகள் தந்தார்கள். வயிறு இளகியது, சோறு இறங்கியது. குளிசை நல்லது செய்கிறது என்று கண்டதும், குடிக்க மறந்த ஒரு நாளுக்கும் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகக் குடித்தாள். அதைக் கிளினிக்கில் வாய்தவறிச் சொல்லிவிட்டாள். டொக்டர் பெண்பிள்ளை பேனையை வைத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தக் குளிசை கெட்ட இரத்தத்தை அடக்கும். அளவு மிஞ்சினால் நல்லதையும் அடக்கிப்போடும். வெளியிலை ஒண்டும் தெரியாது. ஆள் நல்லாயிருக்கிற மாதிரித்தான் இருக்கும். இரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும். விட்டது விட்டதுதான், சேர்த்துக் குடிக்கக்கூடாது. நான் பார்த்துச் சொல்லாமல் புதுசாய் ஒரு குளிசையும் வாயிலை வைக்கக்கூடாது."

அதன்பிறகு அவர்கள் அடுத்த கிளினிக் வரைக்கும் போதுமான குளிசைகளையே தந்தார்கள். காலையில் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவித் துடைத்து, குளிசையை உடைக்காமல் அப்படியே விழுங்குவாள். பிறகு மறுபடியும் கையைக் கழுவுவாள். பிள்ளைத்தாச்சிகள் தொடக்கூடாத மருந்து என்று மருந்து கொடுக்கிற நேர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருந்ததால் போத்தலை அலுமாரியின் மேல்தட்டில் வைத்தாள். வீட்டுக்கு வந்துபோகிறவர்கள் கண்டபடி கை வைக்காத இடம் அது.

கிளினிக் செவ்வாய்க்கிழமைகளில். லொறி வருவதும் செவ்வாய்க்கிழமைகளில். வாடிக்கும் வள்ளங்களுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டி கிறிஸ்துநாயகம் முதலில் முகம் சுளித்தார், பிறகு முணுமுணுத்தார், கடைசியில், போன முறை கிளினிக்குக்கு அவள் போய்வந்ததும், இனி லொறி நாளில் ஒருவருக்கும் லீவு இல்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அவரை ஒருவரும் கெட்டவர் என்று சொல்லமாட்டார்கள். அந்தோனியார் திருநாளுக்குப் பந்தல் போடுவது அவர். யோசப்பினின் புருசன் யாகப்பு களங்கண்டி கட்டுவதும் அவருடைய வள்ளத்தில்தான்.

அந்தக் கிழமை அவரே வீடு தேடி வந்தார். கையில் ஒரு போத்தல். யோசப்பினின் பழைய போத்தல் ஒன்றை யாகப்புவிடம் வாங்கி, லொறிக்காரனிடம் கொடுத்தனுப்பி, கொழும்பில் அதே குளிசையை எடுப்பித்திருந்தார். முத்திரை உடைக்காத போத்தல். நிறையக் குளிசைகள். இனி ஆஸ்பத்திரி வாசலில் போய்க் காய வேண்டாம், முடிய முடியத் தானே எடுப்பித்துத் தருவதாகச் சொன்னார். காசு வேண்டாம் என்றும் சொன்னார். யாகப்பு எழும்பி நின்று கும்பிடாத குறை.

அவர் போன பிறகு யோசப்பின் போத்தலைத் தொடவில்லை. மேசையில் அது இருந்த இடத்திலேயே இருந்தது.

"மனுசன் தேடி எடுப்பிச்சுத் தந்திருக்கிறார். உனக்கென்ன குறை?" என்றான் யாகப்பு.

"மருந்தைத் தந்தவர் இரத்தம் பார்க்கிற நாளைத் தரேல்லை," என்றாள் யோசப்பின்.

யாகப்பு விடவில்லை. ஊசியால் குத்தி இரத்தம் எடுப்பதால் ஆருக்கு நோய் மாறியது, குளிசைதானே மாற்றுவது, அதுதான் வீட்டுக்கு வந்துவிட்டதே என்றான். சம்மாட்டி முகம் கறுத்தால் வள்ளத்தில் ஏற விடமாட்டார் என்பதையும், மெதுவாக, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுடைய பயம் அவளுக்கு விளங்காமல் இல்லை. அவள் கையை நீட்டிக் கண்டல்களைக் காட்டினாள். அவன் நெடுநேரம் பார்த்தான்.

திங்கட்கிழமை வாடிக்குள் போனதும் அவள் நேரே சம்மாட்டியின் மேசைக்குப் போய்ப் போத்தலை வைத்தாள்.

"சம்மாட்டியார், இது எனக்கு வேண்டாம். எனக்கு நாளைக்கு லீவுதான் வேணும்."

உரிக்கும் சத்தம் வாங்கில் குறைந்தது. கிறிஸ்துநாயகம் போத்தலையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நன்மை செய்யப்போன தனக்கு இது வேண்டும் என்றார். குரலை உயர்த்தாமல், நாளைக்கு அவள் வராவிட்டால் அந்த இடத்தில் வேறு ஆள் இருக்கும் என்றார்.

"இருத்துங்கோ. நான் திரும்பி வந்து எழுப்புவன்," என்று சொல்லிவிட்டு யோசப்பின் போய்க் கத்தியை எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் கரண்ட் இல்லை. ஆமி இருந்த கோட்டைப் பக்கம் காலையிலேயே இரண்டு வெடிச்சத்தம் கேட்டது. பிறகு ஓய்ந்துவிட்டது. இரத்தம் பார்க்கிறவர் மைக்கிரஸ்கோப்பை யன்னலடிக்குத் தூக்கிவந்து, அடியில் இருந்த கண்ணாடியை வெயிலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு பார்த்தார். முகில் மறைத்தால் நிமிர்ந்திருப்பார், வெயில் வந்தால் குனிவார். வெளி வாங்கில் இருந்த நோயாளர்கள் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசப்பின் லொறியை நினைத்தாள். இந்நேரம் பெட்டிகள் ஏறத் தொடங்கியிருக்கும்.

அவளுடைய இரத்தத்தைப் பார்த்து எழுதிய துண்டு உள்ளே போனதும், வரிசையில் அவளுக்கு முன்னால் ஆட்கள் இருக்க, டொக்டர் அவளைத்தான் முதலில் கூப்பிட்டாள். இன்று காலையில் குளிசை குடித்தாளா என்று கேட்டாள். நேற்றோடு முடிந்துவிட்டது என்றாள் யோசப்பின்.

டொக்டர் மூச்சை விட்டாள். கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், கண்டல்களை ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்த்தாள். நல்ல இரத்தத்தின் அளவும் விழுந்துவிட்டது, இனி ஒரு குளிசையும் குடிக்கக்கூடாது, தான் சொல்லும்வரைக்கும் கூடாது என்றாள். காய்ச்சல் காய்ந்தால் அன்றைக்கே, ஊரடங்கு என்றாலும் எப்படியாவது, வந்துவிட வேண்டும். அடுத்த செவ்வாய் கட்டாயம் வர வேண்டும். கையில் காயம் படவே கூடாது. சின்னக் கீறலில் போகிற கிருமியும் இப்போது உடம்பில் ஏறிவிடும்.

"டொக்டர், வேறை ஒருத்தர் ஒரு போத்தல் குளிசை தந்தவர். நான் அதைக் குடிச்சுக்கொண்டு இஞ்சை வராமல் இருந்திருந்தால்?"

டொக்டர் எழுதிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள். "அடுத்த முறை உங்களைத் தூக்கிக்கொண்டுதான் வந்திருப்பினம்," என்றாள்.

மறுநாள் யோசப்பின் விரல்களுக்கெல்லாம் பழைய வேட்டித்துணியைக் கிழித்துச் சுற்றிக்கொண்டு வாடிக்குப் போனாள். மூலையில் அவளுடைய இடம் வெறுமையாகக் கிடந்தது. அவள் இருந்ததும் சின்னத்தங்கம் குனிந்த தலை நிமிராமல் நடந்ததைச் சொன்னாள். சம்மாட்டி பாசையூரிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டி வந்தாராம். அவள் வாங்கில் இருக்கப்போகச் சின்னத்தங்கம் தன் சட்டியைத் தூக்கி அந்த இடத்தில் வைத்தாளாம். மற்றவர்கள் கத்தியைக் கீழே வைத்தார்களாம். லொறி நின்றது, இறால் கிடந்தது, அந்தப் பெண்ணே வெட்கப்பட்டுத் திரும்பிப் போன பிறகுதான் மற்றவர்கள் மறுபடி கத்தியை எடுத்தார்களாம்.

"வந்திட்டியோ? என்ன மருந்து தந்தவை?" என்றார் கிறிஸ்துநாயகம்.

"ஒண்டும் குடிக்க வேண்டாம் எண்டவை."

"பார், நாள் முழுக்க மினக்கெட்டு வெறுங்கையோடை வந்திருக்கிறாய்."

"ஓம். வருகிற செவ்வாயும் போவன். இப்பவே சொல்லிப்போட்டன், சம்மாட்டியார்."

அவர் மூலையில் இருந்த ஒரு பெட்டியைத் தானே இழுத்து வந்து அவளுக்கு முன்னால் கவிழ்த்தார். நேற்று அவள் உரிக்க வேண்டிய இறால். ஐஸ் உருகிப்போய், தலைகள் கறுத்து, கொம்புகள் ஈர்க்குப்போல நீட்டிக்கொண்டிருந்தன. நாற்றம் எழும்பியது. அது உன்ரை பங்கு, அதை முடித்துவிட்டு மற்றதில் கை வை என்றார்.

அந்த இறாலை ஒருவரும் வாங்கமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். யோசப்பின் கத்தியை எடுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். "இதை நான் உரிக்கமாட்டன். இதின்ரை கொம்பு ஒண்டு குத்தினால் எனக்குப் போதும்," என்றாள்.

உரித்தால்தான் இன்றைய இறால் வெளியே வரும் என்றார் அவர். அவளுக்கு மட்டுமில்லை, எல்லோருக்கும்தான் என்றார்.

சின்னத்தங்கம் இரண்டு கையையும் நீட்டிக் குவியலில் பாதியைத் தன் பக்கம் இழுத்தாள். எதிரே இருந்தவள் ஒரு அள்ளு அள்ளினாள். கைகள் வந்து வந்து போயின. கொஞ்ச நேரத்தில் யோசப்பினுக்கு முன்னால் ஈரப்பலகை மட்டும் மிஞ்சியது. அவள் எழும்பி எல்லோருடைய சட்டிகளுக்கும் தண்ணீர் அள்ளி ஊற்றினாள்.

வெயில் ஏறியபோது அது முடிந்தது. கிறிஸ்துநாயகம் தராசடிக்கு வரவில்லை. சட்டிகளை நிறுத்துக் கூலி எழுதாமலே கடகத்தில் கொட்டுவித்து, கரைக்குக் கொண்டுபோய் எறியச் சொன்னார். காகங்கள் கூட்டமாய் வந்து, ஓடு கழற்றிக் குடல் எடுத்துச் சுத்தம் பண்ணியிருந்த இறாலைக் கொத்திக்கொண்டு பறந்தன. வாடிக்குள் அன்றைய இறால் பெட்டிகளிலிருந்து ஐஸ் தண்ணீர் ஒழுகி வாசல் மண்ணில் ஓடிக்கொண்டிருந்தது.

"இனி இண்டைய இறாலைத் துவங்குங்கோ," என்றார் சம்மாட்டி.