செவ்வாய் பத்து மணி வயிற்றுவலி

…அதுவும் சரியாகப் பத்து மணிக்கு, முன்னே பின்னே ஒரு நிமிடம் கிடையாது, வயிற்றுவலிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்ன, என்று யோசித்தபடி அவள் பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தாள், கடித்த பிறகுதான் பென்சிலைக் கடிக்காதே என்று காலையில் பிள்ளைகளை அதட்டியது நினைவுக்கு வந்தது, யாராவது பார்த்துவிட்டார்களா என்று திரும்பினாள், நல்லவேளை யாரும் பார்க்கவில்லை, பெரியவள் உள் அறையில் குப்புறப் படுத்து எரிமலைப் புத்தகத்துக்குள் தலையை விட்டிருந்தாள், சின்னவள் சாப்பாட்டு மேசைக்கு அடியில் பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து நிறம்வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், பின்பக்கம் வாஷிங் மெஷின் தன்பாட்டுக்கு உருண்டுகொண்டிருந்தது. மேசையில் பாட நோட்டு விரிந்து கிடந்தது. இந்த மேசைதான் வாரத்தில் ஐந்து நாள் வகுப்பறை, ஒரு கால் கொஞ்சம் குட்டை, யார் உட்கார்ந்து எழுதினாலும் டக் டக் என்று தரையைத் தட்டும், அட்டை மடித்து முட்டுக்கொடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். வரப்போகிற வாரத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பிவிட்டது, செவ்வாய் பத்து மணி மட்டும் காலி. வாசிப்பு என்று எழுதினால் சின்னவளுக்கு வயிறு வலிக்கும், எழுதாவிட்டால் புதன்கிழமை இவளுக்கு வலிக்கும்.

புதன்கிழமை கல்வி அலுவலகத்து அம்மா வருகிறார். வருடத்துக்கு ஒருமுறை வருவார், வீட்டில் படிக்கிற பிள்ளைகள் நிஜமாகவே படிக்கிறார்களா என்று பார்க்க, செருப்பை வாசலில் ஜோடி பிசகாமல் விட்டுவிட்டு வந்து உட்கார்ந்து, தன் பையிலிருந்தே ஒரு புத்தகத்தை எடுத்து நடுவில் பிரித்து, எங்கே இதைக் கொஞ்சம் படி பார்ப்போம் என்பார், போன வருடம் பெரியவள் படித்ததோடு நிற்காமல் அந்தப் பக்கத்தில் எரிமலைக்குழம்பைப் பற்றித் தப்பாக எழுதியிருக்கிறது என்று வேறு சொல்லிவைத்தாள், அந்த அம்மா சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டார். சின்னவளை அப்போது கேட்கவில்லை, சிறியவள்தானே என்று விட்டுவிட்டார். இந்த வருடம் விடமாட்டார். ஏழரை வயது நிறைந்துவிட்டது, கட்டெறும்பு என்று வீட்டில் பெயர், ஒரு இடத்தில் நிற்காது, பிடித்தால் கடிக்கும், எழுத்தெல்லாம் தனித்தனியாகக் கேட்டால் பட்டுப்பட்டென்று சொல்லும், சேர்த்துப் படி என்றால் கூரையைப் பார்க்கும். இதைவிடக் கேலிக்கூத்து உண்டா, அம்மாக்காரிக்குப் பிழைப்பே எழுத்துதான், பதினோரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவள், இன்றைக்கும் வீட்டிலிருந்தபடி திருத்திக்கொடுக்கிறாள், முன்பின் தெரியாத யாரோ எழுதியதில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் இவள் கண்ணில் உறுத்தும், பெற்ற பெண்ணுக்கு ஒரு வரி படிக்க வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் வீட்டுக்காரரோடு பேசி ஒரு முடிவுக்கு வந்தாகிவிட்டது. அந்த அம்மா முன்னால் கட்டெறும்பு படித்தால் வீட்டிலேயே தொடரலாம், படிக்காவிட்டால் அடுத்த பருவத்திலிருந்து பள்ளிக்கூடம். சொன்னது அவர், தலையாட்டியது இவள், ஆட்டியது அரைமனதோடு, ஏனென்றால் பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திய நாள் இவளுக்கு இன்னும் ஆறவில்லை, ஐம்பத்திரண்டு பேர் இருந்த வகுப்பு, எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று குடைந்த பெண் ஆறே மாதத்தில் வாயை மூடிக்கொண்டு வந்தாள், அந்த மௌனம் இன்னொரு தடவை இந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

அது கிடக்கட்டும், வயிற்றுவலி… முதலில் நிஜமென்று நம்பி ஓமத்தண்ணீர் கொடுத்தாள், டாக்டரிடம் போனாள், டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். சரி, பத்து மணிதான் ஒத்துவரவில்லை என்று வாசிப்பை வியாழன் பதினொன்றுக்கு மாற்றினாள், வலி வியாழன் பதினொன்றுக்கு வந்தது. திங்கள் மூன்றரைக்கு மாற்றினாள், அங்கேயும் வந்தது. மாற்றியதை யாரிடமாவது சொன்னாளா, இல்லை, பாட நேரத்தை முன்கூட்டிச் சொல்லும் வழக்கமே இங்கே கிடையாது, அந்தந்த நேரத்துக்கு வாங்க என்று கூப்பிடுவதோடு சரி, அப்படியிருக்க கூப்பிடுவதற்கு ஐந்து நிமிடம் முன்பே எப்படி வலிக்கிறது? லிஃப்ட் பழுது பார்க்கிற அவரிடம் கேட்டபோது, இன்றைக்குக்கூட எங்கேயோ நடுமாடியில் நின்றுபோன லிஃப்டைப் பார்க்கத்தான் போயிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை என்று லிஃப்டுக்குத் தெரியுமா, அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "லிஃப்ட் ஒரே மாடியில திரும்பத் திரும்ப நின்னா நான் மோட்டாரைக் கழட்ட மாட்டேன். உள்ள யாரோ பட்டனை அமுக்கிட்டு நிக்கிறாங்கன்னு அர்த்தம்." எதைக் கேட்டாலும் லிஃப்டில் கொண்டுபோய் நிறுத்துகிற மனிதர் என்று அப்போது எரிச்சலாக இருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது, அதை ஏன் இதோடு சேர்த்து யோசிக்கவில்லை, போன வாரம் நிழல் பாடத்துக்கு டார்ச், கைக்கண்ணாடி, மூன்று அட்டைப்பெட்டி என்று எழுதியிருந்தாள், தேடி எடுக்கப் போனால் மூன்றும் மேசையோரம் வரிசையாக இருந்தன, பெரியவளின் பொறுப்பு என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டாள், அதற்கு முந்தின வாரம் தராசும் உப்பு டப்பாவும் அப்படித்தான் தயாராக இருந்தன. இப்போதே கேட்டுவிடலாமே. உள் அறையைப் பார்த்து, நீதானே எடுத்துவைத்தாய் என்று குரல் கொடுத்தாள். "நான் எதுக்கும்மா எடுத்து வைக்கப்போறேன், நீதான் வச்சேன்னு நினைச்சேன்," என்று எரிமலைக்குள்ளிருந்து பதில் வந்தது. அவரா, அவருக்கு உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அப்படியானால்… மேசைக்கு அடியில் பொத்தான் உருளும் சத்தம் சட்டென்று நின்றது, பிறகு ஒன்றும் நடக்காதது மாதிரி மறுபடி உருண்டது. இருக்காது… இருக்குமோ? காதில் கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கலாம், ஏனென்றால் இவளிடம் ஒரு பழக்கம் உண்டு, அச்சகத்தில் ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் வரிவரியாகப் பார்த்துக்கொண்டே வருவார், கமா முற்றுப்புள்ளி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்வார்கள், அந்த வாய் இன்னும் போகவில்லை, எதை எழுதினாலும் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதுவாள், தேவை, கமா, டார்ச், கமா என்று. கட்டெறும்பு பால்குடி மறந்த நாளிலிருந்து இந்த முழங்கையோரம் மோவாயை வைத்துக்கொண்டு பென்சில் நுனியையே பார்த்து வளர்ந்தது. கேட்டுத்தானே… கேட்டு மட்டும்தானா?

சரி, பிள்ளைகளுக்குப் பரிசோதனை சொல்லித்தருகிறவள் தானும் ஒன்று செய்து பார்க்கக் கூடாதா. உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள், மூச்சுக்கூடச் சத்தமாக விடவில்லை, திங்கள் காலைக் கட்டத்தில் இருந்ததை ரப்பரால் அழித்துவிட்டு எழுதினாள்: கலங்கல் தண்ணீரை வடிகட்டுதல். தேவை: நீல வாளி, மரக்கரண்டி இரண்டு, கிழிந்த சாக்ஸ் ஒன்று. சாக்ஸை வேண்டுமென்றேதான் சேர்த்தாள், உலகத்தில் எந்தப் பிள்ளைக்கும் தானாகத் தோன்றாத பொருள். நோட்டை விரித்தபடியே வைத்துவிட்டு, மெஷின் நின்றுவிட்டது, துணி காயப்போடப் போகிறேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போனாள், போர்வையை உதறினாள், சட்டைகளை உதறினாள், ஒரே துண்டை மூன்று தடவை உதறினாள், பாதித் துணி கூடையிலேயே இருக்க, பொறுக்கமுடியாமல் உள்ளே வந்தாள். சுவரோரம் நீல வாளி இருந்தது. வாளிக்குள் மரக்கரண்டி இரண்டு, அவற்றின்மேல் அவருடைய சாம்பல்நிறச் சாக்ஸ், கட்டைவிரல் இடத்தில் ஓட்டை விழுந்தது, போன மாதமே தூக்கியெறியச் சொன்னது. கட்டெறும்பு மேசைக்கு அடியில் பழையபடி சம்மணம் போட்டிருந்தது. இது எப்படி இங்கே வந்தது என்று முடிந்தவரை சாதாரணமாகக் கேட்டாள். "அது அங்கேயேதான் கிடந்துச்சு," என்றது, தலையை நிமிர்த்தாமல், பச்சைப் பொத்தான் ஒன்றைச் சிவப்பு வரிசையில் வைத்தபடி.

நாற்காலியில் உட்கார்ந்தாள். படிக்கிறாள், என் கட்டெறும்பு படிக்கிறாள், யாரும் சொல்லிக்கொடுக்காமல், படம் போட்ட பதினாறு புத்தகம் அலமாரியில் கிடக்க, படமே இல்லாத இந்த அழுக்கு நோட்டிலிருந்து… வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது, அள்ளித் தூக்கிக் கொஞ்சத் தோன்றியது, அவருக்குப் போன் போட்டு லிஃப்டை அப்படியே தொங்கவிட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்லத் தோன்றியது, எழுந்துகூட விட்டாள், அப்போதுதான் கண் நோட்டின் வலது பக்கத்துக்குப் போயிற்று. போனதும் சிரிப்பு பாதியில் நின்றது. இடது பக்கம் பாடத் திட்டம், வலது பக்கம் இவளுடைய சொந்தக் குறிப்பு, எது நடந்தது எது நடக்கவில்லை என்று எழுத ஆரம்பித்து, போகப்போக யாரிடமும் சொல்லமுடியாததை எல்லாம் கொட்டிவைத்த பக்கம், அதை எழுதும்போது மட்டும் வாய் முணுமுணுக்காது. பூட்டி வைத்தாளா, மறைத்தாளா, இல்லை, ஐந்து மாதமாக இதே மேசையில் விரிந்தபடிதான் கிடந்தது, பெரியவளுக்கு இதில் அக்கறையில்லை, அவருக்கு நேரமில்லை, சின்னவளுக்குத்தான் படிக்க வராதே… படிக்க வராத பிள்ளை இருக்கிற வீட்டில் எதற்குப் பூட்டு?

பக்கங்களைப் பின்னால் புரட்டினாள். இன்றும் கூரையைப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் இந்த வயதில்… எனக்குப் பயமாக இருக்கிறது. இன்னொரு வாரம்: என்னால்தான் இவள் இப்படி ஆனாளோ. இன்னொன்று, எழுதிய கையை வெட்டிப்போடலாம் போலிருந்தது: இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றே தெரியவில்லை. அந்தத் தேதி நன்றாக ஞாபகமிருக்கிறது, மறுநாள் காலை கட்டெறும்பு வந்து மடியில் ஏறி உட்கார்ந்து அரைமணி நேரம் இறங்கவில்லை, ஒரு இடத்தில் நிற்காத பிள்ளைக்கு இது என்ன புதுசாக என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சல் இல்லை. காய்ச்சல் இல்லையடி, உன் எழுத்தைப் படித்திருக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னும் பின்னால் போனாள், ஐந்து மாதம், அந்த வாரம், தன்னுடைய குண்டு எழுத்தில் தெளிவாக இருந்தது: அலுவலகத்து அம்மா வரும்போது கட்டெறும்பு படிக்காவிட்டால் பள்ளிக்கூடம்தான் என்கிறார் இவர். நானும் சரியென்றுவிட்டேன். இடது பக்கத்தைப் பார்த்தாள், அதற்கு முந்தின வாரம்வரை வாசிப்புக் கட்டங்களில் எல்லாம் சுமார், சுமார், பரவாயில்லை, நான்கு சொல் படித்தாள் என்றுதான் இருந்தது, வயிற்றுவலி என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை. அடுத்த செவ்வாயிலிருந்துதான் வயிற்றுவலி.

மறுபடியும் பார்த்தாள், பிழை பார்க்கிற கண்ணோடு, விரல் வைத்து. வேறு மாதிரி படிக்க இடமிருக்கிறதா? பயந்தால் படித்துக் காட்டியிருக்க வேண்டுமே, படித்தால் வீடு, படிக்காவிட்டால் பள்ளிக்கூடம், இவ்வளவு பச்சையாக எழுதியிருக்கிறது, தெரிந்த பிள்ளை எதற்காக வாயை மூடிக்கொள்ள வேண்டும்… உள்ளே யாரோ பட்டனை அமுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எந்த மாடிக்குப் போக? ஒருவேளை என்னைப் படித்துப் படித்து அலுத்துவிட்டதோ, இந்த முகத்தையும் இந்த மேசையையும் விட்டுக் கொஞ்சம்… அல்லது தான் போய்விட்டால் அம்மாவுக்குப் பயம் போய்விடும் என்று ஏழரை வயது மூளை கணக்குப் போட்டதோ. அதை நினைக்கவே முடியவில்லை. குனிந்து மேசைக்கு அடியில் கேட்டுவிடலாம், கேட்டால் கட்டெறும்பு கூரையைப் பார்க்கும், மேசைக்கு அடியில் கூரை வேறு இத்தனை பக்கத்தில். ரப்பரை எடுத்தாள், வலது பக்கத்தை எல்லாம் அழித்துவிடலாமா, அழித்த இடமும் தெரியுமே, யார் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் இவள் பெண் கண்ணுக்குத் தெரியும். ரப்பரை வைத்துவிட்டாள். செவ்வாய் பத்து மணிக் கட்டத்தில் எழுதினாள், உதடு தானாக அசைந்தது, அசையட்டும் என்று விட்டாள்: கட்டெறும்பு, நீ படிக்கிறாய் என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது, கோபமில்லை, உனக்குப் பள்ளிக்கூடம் போக ஆசையா, கேள்விக்குறி. அதன் கீழே மூன்று வரி காலியாக விட்டாள். பென்சிலைச் சீவி, நோட்டின் நடுவில் வைத்துவிட்டு, மிச்சத் துணி இருக்கிறது என்று யாருக்கோ சொல்லிக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

துணியைத் தொடவில்லை. வயிறு வலிக்கிறது, பால்கனியில் படுத்துக்கட்டுமா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டுக் கட்டெறும்பு வந்து படுக்கிற அந்தக் குட்டை பெஞ்சில் உட்கார்ந்தாள், காற்றுக்காக என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள், உட்கார்ந்தது போதாமல் முழங்காலை மடக்கிப் படுத்தும் பார்த்தாள். கம்பிகளின் இடைவெளியில், நின்றால் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மறைத்துவிடும், படுத்தால் மட்டும் தொட்டிக்குக் கீழே தெரிகிறது, தெருமுனைப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு துண்டு, ஒரு ஊஞ்சல், ஞாயிற்றுக்கிழமை ஆகையால் ஒருவரும் இல்லை. அதற்காகவா, ஊஞ்சலுக்காகவா, அங்கே ஓடுகிற கால்களுக்காகவா, இல்லை இதுவும் இவளாகக் கட்டிக்கொள்கிற கதையா… வீட்டில் பாடம் நடத்துகிற இந்த ஐந்து வருடத்தில் பாட நோட்டுகளில் பிள்ளைகளுக்கென்று எத்தனை கேள்வி எழுதியிருப்பாள், ஆயிரம் இருக்கும், பதில் தெரியாமல் எழுதிய கேள்வி என்று ஒன்றுகூட அவற்றில் இல்லையே, இதுதான் முதல் தடவையா. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் நீண்ட நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேசையின் குட்டைக் கால் தரையைத் தட்டியது, டக், டக்… ஆம் என்றோ இல்லை என்றோ எழுத இவ்வளவுதான் ஆகும் என்று எண்ணிக்கொண்டாள், எண்ணி முடித்த பிறகும் அது நிற்கவில்லை, டக், டக், டக், மூன்று வரி போதாது போலிருந்தது.