காட்டு வெங்காயச் சொதி

ஆமினா உம்மா, குளிப்பாட்டக் கிடத்தியிருந்த மையித்தின் வயிற்றை மெல்ல அமுக்கினார். தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்த றம்லாவின் கை நின்றுவிட்டது.

"ஊத்து புள்ள."

ஊற்றினாள். ராத்தாவின் வயிற்றிலிருந்து என்ன வருகிறது என்று பார்க்க ஏலவில்லை.

றம்லாவின் அக்கா றுக்கியா ராத்தா இருதய வருத்தக்காரி என்பது மூதூரில் எல்லோருக்கும் தெரியும். நேற்று மாலை ஓங்காளித்தாள். விடியல் சுபஹுத் தொழுகைக்கு முன்னர் அடங்கிவிட்டாள். வந்தவர்கள் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். என்ன சாப்பிட்டாள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

வெங்காய இறக்குமதி நின்றுபோன வருடம் அது. மழைக்குப் பிறகு களப்போர மணலில் காட்டு வெங்காயம் கிண்டிவராத வீடில்லை. பக்கத்திலேயே நரிவெங்காயமும் முளைக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும், ஆனால் நஞ்சு. கசக்கினால் நல்லது வெங்காயமாக மணக்கும், மற்றது மணக்காது. நேற்று றம்லாவும் பழக்கத்தில் கசக்கி, மூக்கருகே பிடித்து, கூடையில் போட்டாள். மூன்று நாளாகத் தடிமனில் மூக்கு அடைத்திருந்தது அவளுக்கு உறைத்தபோது ராத்தா இரண்டாம் தரம் சொதி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"கசக்குதடி. உன்ர கையால எதுதான் இனிச்சது?" என்று சிரித்தாள்.

றம்லாவும் சிரித்தாள். வேறொன்றும் சொல்லவில்லை.

றம்லாவின் மகள் லைலாவும் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தாள். இப்போது பாயில் சுருண்டு கிடந்தாள். இத்தனை சனத்துக்குள்ளும் அழாமல் கிடக்கிறாளே, நல்ல பிள்ளை என்றார்கள்.

மையித்துக்குக் கபன் துணி சுற்றி முடிந்ததும் றம்லா குசினிக்குள் போனாள். மிச்சமிருந்த மூன்று கிழங்கில் ஒன்றை நசித்து மூக்கில் அழுத்தினாள். ஒன்றுமில்லை. மூக்கா, கிழங்கா? இன்னொருவரிடம்தான் காட்டவேண்டும். காட்டினால் எல்லாம் சொன்னதாகிவிடும். பாயைப் பார்த்தாள். பிள்ளையின் உதடு காய்ந்திருந்தது.

ஆமினா உம்மா கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"மாமி, இத ஒருக்கா மணந்து பாருங்க. எனக்குத் தடிமன்."

அவர் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"வெங்காயம்தான்," என்றார். மிச்சக் கிழங்குகளை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். "புள்ளைக்கும் குடுத்தியா?"

"ஓம்."

"அக்கரைக்குப் போற லோஞ்சி இன்னும் போகல்ல. டவுன் ஆசுபத்திரிக்குக் கொண்டுபோ. ஆரும் கேட்டா நான் அனுப்பினதெண்டு சொல்றன். டொக்டருக்கிட்ட மட்டும் ஒண்டையும் மறைக்காத."

வாசலில் ஆண்கள் மையித்தை வைத்த சந்தூக்கைத் தூக்கினார்கள். றம்லா பின்வழியால் பிள்ளையைச் சுமந்துகொண்டு இறங்குதுறைக்கு ஓடினாள்.

துறைமுகத்தின் நடுவே லோஞ்சியின் இயந்திரம் பலகையெல்லாம் அதிர ஓடியது. பிள்ளையின் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்திருந்தாள். அந்த அதிர்வில் நாடி எது, இயந்திரம் எது என்று பிரித்தறிய முடியவில்லை. விரல்களை எடுக்கவும் இல்லை.