மிஞ்சிய ஒன்பது வரிகள்

பத்தாம் வகுப்பு உலக வரலாற்றுப் பாடநூலில் ஒன்பது வரி மிஞ்சிவிட்டது. பதினாறு பக்கம் சேர்ந்தால் ஒரு ஃபாரம். அதற்கு மேல் ஒரு வரி தாண்டினாலும் அச்சகத்தில் தாம்தூம் என்று குதிப்பார்கள். பதிப்பாசிரியர் நேரே பிழை திருத்தும் அக்காவின் மேசைக்கு வந்து நின்றார்.

“துறைமுக வேலைநிறுத்தத்தத் தூக்கிடுங்கக்கா. அது உள்ளூர்ச் சமாசாரம். இது உலக வரலாறு.”

உள்ளூர்ச் சமாசாரமாம்! அந்நியன் ஆண்ட காலத்தில், இன்னொரு அடிமை நாட்டின் கிளர்ச்சியை நசுக்க அனுப்பிய துப்பாக்கிப் பெட்டிகள் இந்தத் துறைமுகத்தில்தான் வந்து குவிந்தன. ஏற்ற மாட்டோம் என்று சுமைக்கூலிகள் கையைக் கட்டிக்கொண்டார்கள். சிப்பாய்கள் சுட்டார்கள். நாற்பது பேர் செத்தும் கப்பல் நகரவில்லை. அந்த நாடு பிழைத்தது. அதைப் பார்த்து இன்னும் நாலைந்து நாடுகள் நிமிர்ந்தன. குண்டடி பட்டு மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிய நாற்பத்தோராவது ஆள், அக்காவின் அண்ணன்.

அக்கா அழவில்லை, கத்தவில்லை. அதெல்லாம் மரத்துப்போய் வருஷக்கணக்காகிறது. “வேற எடத்துல ஒன்பது வரி எடுத்துத் தந்தா விட்டுடுவீங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“சாயங்காலத்துக்குள்ள எடுத்துட்டீங்கன்னா தாராளமா.”

பத்தியின் கடைசி வரியில் ஒற்றைச் சொல் தொங்கினால், மேலே இரண்டு சொல்லைக் குறைத்தால் போதும், ஒரு வரி மிச்சமாகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாடம் முழுக்கத் தேடினாள். எட்டு வரி கிடைத்தது. ஒன்பதாவதற்கு எங்கே முட்டிக்கொண்டும் வழியில்லை. வேலைநிறுத்தப் பத்தியின் கடைசி வாக்கியம் ஒன்றுதான் பாக்கி. ‘காயமடைந்த இன்னொருவர் பின்னர் மருத்துவமனையில் இறந்தார்.’

பேனாவை எடுத்து அதை அடித்தாள். கை நடுங்கக்கூட இல்லை. அதை நினைத்துத்தான் அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா கேட்டாள்.

“அண்ணனப் பத்திப் போட்டாச்சா?”

“இல்லம்மா. எடம் பத்தல. நான்தான் எடுத்துட்டேன்.”

அம்மா தட்டை எடுத்து வைத்தாள்.

“கப்பல் போகலன்னு இருக்கா?”

“இருக்கும்மா.”

“அதுக்குத்தானே போனான்” என்றாள் அம்மா. “கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்.”