பெட்டிக்குச் சொந்தக் குரல் கூடாது

யானை மூன்றாம் மாடிக்கு வந்து சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலை மணி பதினொன்று. யானை என்பது அண்ணனின் பவர் ஆம்ப்ளிஃபையருக்கு அவரே வைத்த பெயர். இருபத்தெட்டுக் கிலோ, கறுப்பு நிறம், பக்கத்துக்கு ஒரு கைப்பிடி. ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் அண்ணி என்று லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு ஏறி, தங்கை வீட்டுக் கூடத்தில் தொப்பென்று இறக்கினார்கள்.

"இந்தா பாப்பா, இனிமே இது உன்னோடது. சும்மாவே வச்சுக்கோ," என்றார் அண்ணன், மூச்சு வாங்க.

பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. முந்நூறு தையல் மெஷின் ஓடும் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் அவள்தான் தலைமை மெக்கானிக். அங்கே முதலாளி முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் மெக்கானிக்கம்மா. இந்தக் கோடியில் நின்றுகொண்டே, அந்தக் கோடியில் எந்த மெஷினில் ஊசி தட்டுகிறது என்று காதாலேயே சொல்லிவிடுவாள். அந்தக் காதுக்கு அண்ணனிடம் மட்டும் காலணா மதிப்புக் கிடையாது.

அவள் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினால் அண்ணன் குடும்பத்தின் வரலாறே தெரிந்துவிடும். கட்டில், சோபா, ஃபிரிட்ஜ், இரண்டாவது பட்டன் வேலை செய்யாத மிக்ஸி. கல்யாணம் முறிந்து அவள் தனியாக வந்த நாள் முதல், அங்கே புதுசு வந்தால் இங்கே பழசு வரும். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இருபது வருஷம் அவளும் பார்க்கவில்லை. வந்த மாடு ஒன்றுக்கும் பல்லே இல்லை என்பது வேறு கதை.

இந்த வருஷம்தான் முதல் முறையாகத் தன் ஆசைக்கென்று ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கினாள். பகலெல்லாம் மெஷின் இரைச்சலில் நிற்கிறவளுக்குச் சாயங்காலம் ஒரு பாட்டு வேண்டும். அதைவிட, பாடுகிறவர் அடுத்த அடிக்கு மூச்சு இழுக்கிற அந்தச் சின்ன அமைதி வேண்டும். அதற்குத் தோதான ஆம்ப் தேடி மூன்று மாதம் கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசியில் மார்க்கெட் சந்தில் ரிப்பேர் கடை வைத்திருந்தவர் சாப்பாட்டு டப்பா அளவில் ஒரு அலுமினியப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"உங்க ரூமு பத்துக்குப் பன்னிரண்டு. ஐம்பது வாட்டே தாராளம். நல்ல ஆம்புன்னா அது இருக்கிறதே தெரியக் கூடாதும்மா. பாட்டுல இருக்கிறதை அப்படியே பெருசாக்கிக் குடுக்கணும். சொந்தச் சரக்கு எதையும் கலக்கக் கூடாது," என்றார் அவர். "ஒரு வாரம் வீட்டுல வச்சுக் கேளுங்க. பிடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துடுங்க."

ஒரு வாரம் கேட்டாள். பிடித்திருந்தது. நாளைக்குப் போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடலாம் என்றிருந்தாள். அதற்குள் யானை வந்துவிட்டது.

"எனக்கு வேண்டாம்ணே. நான் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன்," என்றாள்.

அண்ணன் அலுமினியப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். ஒரு கையாலேயே தூக்க முடிந்தது அவருக்குப் பெரிய சிரிப்பாகிவிட்டது. "இதா? இதுல சோறு கட்டிக்கிட்டு வேலைக்குப் போலாம். பாப்பா, உனக்கு இதெல்லாம் தெரியாது. நாளெல்லாம் தடதடன்னு கேட்ட காது அது. என் பேச்சைக் கேளு."

இந்த 'என் பேச்சைக் கேளு'வைக் கேட்டுத்தான் அவள் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினாள். அதைக் கேட்டுத்தான் கழுத்தையும் நீட்டினாள். அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"சரி, ரெண்டையும் போட்டுப் பாப்போம். உங்களுது நல்லா இருந்தா இங்கயே இருக்கட்டும். இல்லைன்னா நீங்களே இறக்கிக்கிட்டுப் போகணும். இனிமே இந்த வீட்டுக்கு எது வரணும்னு நான்தான் சொல்வேன்."

"பந்தயமா? வச்சுக்கோ!" என்றார் அண்ணன், சட்டைக் கையை மடித்துவிட்டபடி.

ஒரே பிளேயரிலிருந்து இரண்டு ஆம்புக்கும் வயர் கொடுத்தார். இரண்டிலும் வால்யூம் திருகைக் கடிகாரத்தில் பத்து மணிக்கு முள் நிற்கிற இடத்தில் வைத்தார். "இதைவிட நியாயம் ஊர்ல உண்டா?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, முதலில் சின்னப் பெட்டியில் ஒரு பாட்டைப் போட்டார். பிறகு அதே பாட்டு யானையில்.

யானையில் பாட்டு எழுந்து நின்றது. தபலா நெஞ்சில் தட்டியது. அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். மெக்கானிக்கம்மாவின் காதுக்கும் யானைதான் நன்றாக இருந்தது. மூன்று மாதம் அலைந்தது வீண்தானா? அண்ணன் சொன்னதுதான் சரியா? இந்த ஒரு விஷயத்திலும் அவர்தானா?

"என்ன பாப்பா, வாயடைச்சுப் போச்சா?"

அவள் குனிந்து இரண்டு திருகையும் பார்த்தாள். பத்து மணி, பத்து மணி. அப்போதுதான் உறைத்தது. வேலைக்குச் சேரும் ஒவ்வொரு புது ஆளுக்கும் முதல் நாளே அவள் சொல்கிற பாடம் அது: டயலை நம்பாதே, துணியை அள. இரண்டு மெஷினில் டயலை மூன்றில் வைத்தாலும் தையல் ஒரே நீளத்தில் விழாது. விழுந்த தையலை ஸ்கேல் வைத்து அளந்தால்தான் உண்மை தெரியும். முப்பது வருஷம் ஊருக்குச் சொன்னதைத் தன் வீட்டுக் கூடத்தில் மறந்துவிட்டாளே!

வேலைப் பையிலிருந்து வோல்ட் அளக்கும் மீட்டரை எடுத்தாள். பிளேயரில் பாட்டுக்குப் பதிலாக 'கூ' என்று ஒரே சீராக ஒலிக்கும் சத்தத்தைப் போட்டு, ஸ்பீக்கரின் வயர் முனையில் மீட்டரை வைத்தாள். சின்னப் பெட்டி இரண்டு வோல்ட். யானை மூன்று.

"உங்க யானை சத்தமா கத்துதுண்ணே. அதான் நல்லா இருக்கிற மாதிரி இருக்கு. அதிகமா கத்துறவன் சொல்றதுதான் சரின்னு தோணும், அதுதான் வழக்கம்," என்றாள். யானையின் திருகை மெல்லக் குறைத்து, அதையும் இரண்டு வோல்ட்டுக்குக் கொண்டுவந்தாள்.

பிறகு ஆம்ப் இரண்டும் சோபாவிலிருந்து தெரியாதபடி குறுக்கே கயிறு கட்டிப் போர்வையைத் தொங்கவிட்டாள். ஒரு பக்கம் தள்ளினால் இந்த ஆம்பும் மறுபக்கம் தள்ளினால் அந்த ஆம்பும் ஸ்பீக்கரோடு சேர்கிற மாதிரி ஒரு சுவிட்சைப் பொருத்தினாள். காசைச் சுண்டிப் பார்த்து எது என்று முடிவு செய்து, ஒவ்வொரு தடவையும் காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அண்ணன் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தார்.

"யானை," என்றார் முதல் தடவை. "யானை. அடிச்சுச் சொல்றேன். இது டப்பா, தகர வாடை வருது. ஆங், இது என் செல்லம்!"

பத்து தடவை முடிந்ததும் காகிதத்தைக் கையில் கொடுத்தாள். ஐந்து சரி, ஐந்து தப்பு. செல்லம் என்று உருகியது டப்பாவைக் கேட்டு. காசைச் சுண்டிச் சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும். அண்ணன் காகிதத்தைத் திருப்பி, எழுதாத பக்கத்தையும் பார்த்தார்.

"அப்ப ரெண்டும் ஒண்ணுதானே? என்னுது ஓசியில வருது. அதையே வச்சுக்கோ," என்றார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத வம்சம் அது.

அதுவரை சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அண்ணி எழுந்தாள். "நான் ஒரு தடவை உட்காந்து பாக்கட்டுமா?"

"உனக்கு என்ன தெரியும்? நீ என்னிக்குப் பாட்டுக் கேட்டே?" என்றார் அண்ணன்.

"உட்காருங்க அண்ணி," என்றாள் மெக்கானிக்கம்மா.

மறுபடி காசு, மறுபடி காகிதம். அண்ணி பாட்டு தொடங்கும் முன்பே பதில் சொன்னாள். "இது உங்கண்ணனோடது. இது உன்னுது. இதுவும் உன்னுது." எந்த ஆர்ப்பாட்டமும் இல்லை, கீரையில் புழு பார்க்கிற மாதிரி சொல்லிக்கொண்டே போனாள். பத்துக்குப் பத்து.

"எப்படிடி?" என்றார் அண்ணன், காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு.

"உங்க பெட்டி சும்மா இருக்கும்போதும் உம்முனு உறுமுதுங்க. பாட்டு வர்றதுக்கு முன்னாடி, வரிக்கும் வரிக்கும் நடுவுல, எல்லாத்துலயும். பதினோரு வருஷமா சொல்றேன். 'உனக்கு என்ன தெரியும்'னுதான் சொன்னீங்க." அண்ணி சின்னப் பெட்டியைக் காட்டினாள். "இது சும்மா இருக்க வேண்டிய நேரத்துல சும்மா இருக்கு. நம்ம வீட்டுல அப்படி எதுவும் கிடையாது."

மெக்கானிக்கம்மா பாட்டை நிறுத்திவிட்டு யானைப் பக்கம் சுவிட்சைத் தள்ளினாள். மூன்று பேரும் கேட்டார்கள். உம்ம்ம். மீட்டரிலும் காகிதத்திலுமே கவனமாக இருந்ததில் அவள் காதும் அதைத் தவறவிட்டிருந்தது. சின்னப் பெட்டிப் பக்கம் தள்ளினாள். தெருவில் போன சைக்கிள் மணி கேட்டது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாக அண்ணன் அந்த உறுமலைக் கேட்டார். கேட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பாவமாகத்தான் இருந்தது. அதற்காக அவள் இறங்கி வரவில்லை.

"தூக்குங்கண்ணே."

"அங்க புதுசுக்கு இடம் ஒழிச்சாச்சு பாப்பா. ஒரு மூலையில கிடக்கட்டுமே..."

"கிடக்காது. இது என் வீடு. ஒரு மூலை கூட இனிமே சும்மா வர்ற சாமானுக்குக் கிடையாது."

அண்ணன் குனிந்து ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மறு கைப்பிடிக்காக மனைவியை நிமிர்ந்து பார்த்தார். அண்ணி சின்னப் பெட்டியில் பாட்டை மறுபடி ஓடவிட்டு, நாற்காலியை ஸ்பீக்கருக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"கீழ இருக்கிற வாட்ச்மேனைக் கூப்பிட்டுக்குங்க. நான் இந்தப் பாட்டு முடிஞ்சதும் வர்றேன்," என்றாள்.

வாட்ச்மேன் வந்தார். யானை படியில் இறங்கத் தொடங்கியது. மெக்கானிக்கம்மா கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, படி திரும்புகிற இடம் வரை பார்த்தபடி நின்றாள். பிறகு கைப்பிடிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, கீழே குரல் கொடுத்தாள்.

"அண்ணே! அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு வேன் பிடிச்சுட்டு வாங்க. ஃபிரிட்ஜ் இருக்கு, சோபா இருக்கு!"